கமலா வீட்டு வைஃபை

ரிஷிவந்தியத்துக்குத் தெற்கே, பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளடங்கிய அந்த ஊரில் கமலா என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ‘கேமரா வூட்டம்மா’ என்று கேட்டால் நண்டு சிண்டு கூடக் கைநீட்டி வழி காட்டும். ஐம்பத்தேழு வயது வரை சுப்புராயன் பெண்சாதி என்று இருந்தவள். அவர் போய்ச் சேர்ந்த இரண்டு வருஷத்தில் இந்தப் பேர் வந்து ஒட்டிக்கொண்டது. அதைக் காதால் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேர் வந்ததற்குக் காரணம் ஒரே மகன் பிரவீன்குமார். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவில் வேலை. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, நீயும் கிளம்பு என்று அம்மாவை இழுத்துப் பார்த்தான். நாலு ஏக்கர் கரும்பையும் மரவள்ளியையும் யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று அவள் நகர மறுத்துவிட்டாள். வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்ட பக்கத்து நிலத்துக்காரனை, அவன் கையாலேயே பழைய இடத்துக்கு மாற்ற வைத்தவள் அவள். பெற்ற பிள்ளைக்கு மட்டும் மசிந்துவிடுவாளா? அம்மாவை நகர்த்த முடியாதவன், ஒரே வாரத்தில் வீட்டுக்கு நெட் லைன் இழுத்தான். கேட்டில் ஒன்று, தோட்டத்துக் குழாயடியில் ஒன்று, ஹாலில் ஒன்று என்று மூன்று கேமராக்களை மாட்டிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டான். தனியாக இருக்கிறாள், பயமாக இருக்கிறது என்றான். அது பாசம்தான், பொய் இல்லை.

முதன்முதலில் அந்தக் கேமரா பேசியபோது கமலா ஹாலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உச்சிச் சுவரிலிருந்து “அம்மா, மாத்திர போட்டியா?” என்று குரல் வந்ததும் முறத்தை அப்படியே விட்டெறிந்தாள். அரிசி பொறுக்க அரை நாள் ஆனது. போகப் போகப் பழகிவிட்டது. கேட்டை ஏன் திறந்து போட்டிருக்கிறாய், ஆள் இல்லாத இடத்தில் ஃபேன் ஏன் சுற்றுகிறது, சாப்பிட்டதும் ஏன் படுக்கிறாய் என்று அது கேட்கும், இவள் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். ஹாலில் டைல்ஸ் தரை குளுகுளுவென்று இருக்கும். மதியத்தில் அங்கே கையைத் தலைக்கு வைத்துப் படுப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே சொகுசு. அதையும் விட்டுவிட்டாள். சொந்த வீட்டுக்குள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டாள்.

இனி இருசம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலனியில் இருப்பவள். கமலாவை விட ஒரு வயசோ இரண்டு வயசோ சின்னவள். முப்பது வருஷமாக இந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கரும்பில் காய்ந்த சோகையை உரித்தவள். இவ்வளவு காலமும் அவள் தோட்டத்துக் குழாயடியோடு சரி. அவளுக்கென்று ஒரு டம்ளர் உண்டு. அது பின்பக்கச் சுவர் மாடத்தில் செருகியிருக்கும். செருகி வைத்தவள் கமலாதான். அவள் ஒன்றும் ஊரைத் திருத்தப் பிறந்தவள் இல்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள், மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து காற்றோடு கொட்டியது. மாட்டுக்கொட்டகையில் பாதி நனைந்தபடி நின்ற இருசம்மாளைப் பார்த்து, “உள்ள வாடி, சளி புடிச்சிக்கப் போவுது” என்று கூப்பிட்டுவிட்டாள். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்தவள் மாசக் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன்பிறகு மதியம் மூன்று மணி என்றால் இரண்டு பேருக்கும் காப்பி, அரட்டை, அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு ஒரு கணக்கு உண்டு. இருசம்மாளின் மகள் மலர்விழி ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்கிறாள், அங்கேயே ஹாஸ்டல். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து அறைக்குப் போய் மூன்று மணிக்கு வீடியோவில் வருவாள். காலனியில் டவர் சரியாக எடுக்காது. பெண்ணின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து போய் நிற்கும். அதனால் கமலாவின் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பிரவீன்குமார் நடுவில் கூப்பிடுவான். அதோடு, ஒருத்தி தன் மகளைத் திட்ட வேண்டும் என்றால் அடுத்தவள் போனில் வாய்விட்டுத் திட்ட முடியுமா? உன் போனிலேயே வைஃபை போட்டுத் தருகிறேன் என்று கமலா சொல்லிவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியாது. மகனிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தாள். அதெல்லாம் உனக்கு எதற்கு, யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடு என்றான். தெரியாது என்பது உண்மைதானே, பொய் சொல்லவும் வேண்டியதில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. லைன் அவள் பேரில் இருக்கிறது. ஆதார் அவளுடையது, கைரேகை அவளுடையது. உள்ளே போகிற சொல் மட்டும் அவளுடையது இல்லை.

லைன் இழுக்க வந்தவன், எல்லாம் நெட் பொட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் என்று சொன்னது ஞாபகம் வந்தது. சுப்புராயன் படத்துக்குக் கீழே ஸ்டாண்டில் இருந்த பொட்டியை இரண்டு பேரும் சேர்ந்து இறக்கிக் கவிழ்த்தார்கள். அடியில் பாஸ்வேர்டைக் காணோம். சந்தனமும் குங்குமமும்தான் இருந்தன. ஆயுத பூஜை அன்று மோட்டாருக்கும் மண்வெட்டிக்கும் கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் பொட்டு வைத்த கமலா, இதுவும் உழைக்கிற சாமான்தானே என்று இதற்கும் வைத்திருந்தாள். முன்பக்கம் லைட்டு மினுக்குவதால் அதை மறைக்க மனசு வரவில்லை. அன்று கவிழ்த்தபோது அடியில் வெள்ளையாக ஒரு சதுரத் தாள் ஒட்டியிருந்தது. சந்தனம் எடுப்பாகத் தெரியும் என்று அதன் நடுவில் தாராளமாக அப்பியிருந்தாள்.

தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்துக் கமலா துடைத்தாள். காய்ந்த சந்தனம் மெல்ல மெல்ல ஊறி வந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. அவள் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிக் காலண்டர் தாளில் எழுதினாள். ஒரே ஒரு எழுத்து மட்டும் குங்குமத்தில் ஊறிப்போய் எட்டா வேறொன்றா என்று தெரியவில்லை. எட்டு என்று போட்டுப் பார்த்தாள், போன் ஏற்றுக்கொள்ளவில்லை. இருசம்மாளுக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனால் நாற்றுக்கு நடுவே புல்லைக் கண்டுபிடிக்கிற கண் அது. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது எட்டு இல்லம்மா. எட்டுக்கு ரெண்டு பக்கமும் வயிறு இருக்கும். இதுக்கு முதுகு நேரா நிக்குது பாருங்க” என்றாள். கமலா பி என்று போட்டாள். இருசம்மாள் போன் வைஃபையைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மலர்விழியின் முகம் மூக்குத்திக் கல் வரை தெளிவாகத் தெரிந்தது. பெண் இளைத்துவிட்டாள் என்று இருசம்மாள் ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தாள்.

இத்தனையும் ஹால் கேமராவுக்கு நேர் எதிரே நடந்தது. சாயங்காலம் பிரவீன்குமார் கூப்பிட்டான். முதலில் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுத்தான். பாஸ்வேர்டைக் கண்டவர்களுக்கும் கொடுத்தால் நம் பேரில் என்ன வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள் என்றான். காலனியில் இருக்கிற இருசம்மாள் என்ன செய்துவிடுவாள் என்று கமலா கேட்டாள். அவன் சுற்றி வளைத்துக் கடைசியில் மாசக்கணக்காக மனசில் வைத்திருந்ததற்கு வந்தான். பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, பின்னால் உட்கார்ந்து பேசக் கூடாதா, ஹாலில் அப்பா படத்துக்கு எதிரே சேர் போட்டுத்தான் உட்கார வேண்டுமா, எதிர்வீட்டுப் பொன்னுரங்கம் மாமா வந்து பார்த்தால் என்ன நினைப்பார் என்று இழுத்தான்.

“பொன்னுரங்கம் மாமா வந்தா அவருக்கும் ஒரு சேர் போடறேன்” என்றாள் கமலா. “இது என் வூடுடா. யார எங்க உக்கார வெக்கணும்னு செவுத்துல இருந்து நீ சொல்லாத.”

போனை வைத்துவிட்டாள். ஆனால் அவன் அவள் வயிற்றில் பிறந்தவன் ஆயிற்றே, அவனுக்கு மட்டும் வீம்பு குறைவாகவா இருக்கும்? மறுநாள் மதியம் இருசம்மாள் வந்து போனை எடுத்தால் நெட் இல்லை. கமலா போனிலும் இல்லை. சென்னையில் இருந்தபடியே, தன் போனில் இருந்த நெட் கம்பெனியின் ஆப்பில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டிருந்தான். மாற்றினால் யார் உள்ளே வர முடியாது என்பதை மட்டும்தான் யோசித்திருக்கிறான். மூன்று கேமராவும் அதே பழைய பாஸ்வேர்டில்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பது கோபத்தில் அவனுக்கு நினைப்பில் வரவில்லை. நீல லைட்டு போய்ச் சிவப்பு லைட்டு விழுந்தது. ஹால் கேமரா இங்கிலீஷில் ஒரு பெண் குரலில் என்னவோ புலம்பிவிட்டு வாயை மூடிக்கொண்டது. தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டான் பிள்ளை.

நடந்தது என்ன என்று இருசம்மாளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போனை மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள். இருந்து காப்பி குடித்துவிட்டுப் போ என்று கமலா சொல்லச் சொல்ல, வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். தனியாக நின்ற கமலா சிவப்பு லைட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஹால் தரையில் மல்லாந்து படுத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குளிர்ச்சி முதுகில் ஏறியது. சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. தனக்குத்தானே சிரித்தாள்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. கரண்டு இல்லையா என்றான் மகன். கரண்டு ஜம்மென்று ஓடுகிறது, உன் கேமராவுக்குத்தான் கண் சிவந்திருக்கிறது என்றாள். மகனின் குரல் இறங்கி வந்தது. புதுப் பாஸ்வேர்டைச் சொல்கிறேன், முதலில் உன் போனில் போட்டுக்கொள், கள்ளக்குறிச்சியில் இருந்து அஜித்தை அனுப்புகிறேன், அவன் வந்து கேமராக்களைச் சரி பண்ணிக் கொடுப்பான் என்றான். எழுதிக்கொள் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தான். என் பெரிசு. ஓ சின்னது. ஈ பெரிசு. என், டி, ஆர், ஒய். அப்புறம் ரெண்டு, அஞ்சு.

கமலா எழுதி முடித்துவிட்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வார்த்தைதான். டவுனில் ஒருவழிப் பாதை முனையில் சிவப்புப் பலகையில் எழுதி வைத்திருப்பார்களே, அது.

“நோ என்ட்ரி” என்றாள்.

“ஆமாம்மா. ஈஸியா ஞாபகம் இருக்கும்னு வெச்சேன்.”

“யாருக்குடா நோ என்ட்ரி?”

சும்மா ஒரு பாஸ்வேர்ட்தானே, இதில் என்ன இருக்கிறது என்று முனகினான். கமலா அந்தத் தாளை மடித்து வைத்தாள். தன் போனில் அதைப் போடவே இல்லை.

அடுத்த நாள் இருசம்மாள் களைவெட்டு முடித்து வந்து தோட்டத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று மணி ஆயிற்று. உள்ளே வருகிற வழியாகத் தெரியவில்லை. கமலா போய் நின்று கூப்பிட்டாள். வேண்டாம்மா, தம்பிக்கு மனசு கஷ்டப்படும், எனக்கு எதுக்கு வம்பு என்றாள். நீ வெளியே நின்றால் அவன் ஜெயித்துவிடுவான் என்று கமலா சத்தம் போட்டாள். அப்போதுதான் இருசம்மாள் நிமிர்ந்து அவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

“உங்களுக்கும் உங்க புள்ளைக்கும் சண்டன்னா நீங்க ரெண்டு பேரும் போட்டுக்கங்கம்மா. நான் நடுவுல நிக்கறதுக்கு வரல. மழன்னு உள்ள கூப்ட்டதும் நீங்கதான், முப்பது வருசமா என் டம்ளர மாடத்துல சொருவி வெச்சதும் நீங்கதான். அந்தத் தம்பி வேற எங்கியும் போய்க் கத்துக்கினு வரல.”

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். யாரும் இவ்வளவு நேராகக் கமலாவிடம் பேசியதில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. வெட்கமாக இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் அவன் எழுதி வைத்ததை எழுத்தே இல்லாமல் தான் எழுதி வைத்திருந்தது அவளுக்குப் புரிந்தது. சாயங்காலம் மாடத்தில் இருந்த டம்ளரை எடுத்து வந்தாள். புளி போட்டுத் தேய்த்து, மற்ற டம்ளர்களோடு அலமாரியில் கவிழ்த்தாள். வேலையை முடித்த பிறகும் மனசு ஆறவில்லை. டம்ளர் அலமாரி ஏறிவிட்டது, இருசம்மாள் வெளியேதான் இருக்கிறாள். வேறு ஒருத்தி என்றால் அதோடு விட்டிருப்பாள். கமலாவுக்கு இருசம்மாள் இல்லாத மூன்று மணி பிடிக்கவில்லை. அவள் வராவிட்டால் இந்த வீடு தன் வீடே இல்லை என்று தோன்றியது.

மறுநாள் அஜித் வண்டியில் வந்து இறங்கினான். முப்பது வயசு ஆள், நாலு ஊருக்கும் அவன்தான் லைன் பார்க்கிறவன். கேமரா எங்கே என்று கேட்டான். கமலா அவனை ஹாலில் உட்கார வைத்து, லைன் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டாள். உங்கள் பேரில்தான் என்றான். அப்படியானால் யார் சொல்வதைக் கேட்பாய் என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, உங்கள் சொல்தான்மா என்றான். மகனுடைய போன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடு என்றாள். அவள் போனுக்கு ஓடிபி வந்தது. ஆறு இலக்கத்தையும் கண்ணாடி போட்டுப் படித்துச் சொன்னாள். அடுத்தது ஹால் கேமராவைக் கழற்றச் சொன்னாள், குழாயடிக் கேமராவையும் கழற்றச் சொன்னாள். கேட்டில் இருப்பது இருக்கட்டும், திருடன் வந்தால் கேட் வழியாகத்தானே வருவான், அதை மகன் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்றாள். புதுசாகப் பாஸ்வேர்ட் வைக்க வேண்டும், என்ன வைக்கலாம் என்றான் அஜித்.

கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, கமலா தோட்டத்து வழியாக இறங்கி நிலத்துக்கே போனாள். இருசம்மாள் மரவள்ளியில் குனிந்திருந்தாள்.

“வூட்டுக்கு வா” என்றாள் கமலா. “நெட்டுக்குக் கூப்புடல. சண்டைக்கும் கூப்புடல. உன்ன வெளிய நிக்க வெச்சது நான்தான். அது தப்பு. இப்ப நானே வந்து கூப்புடறேன்.”

இருசம்மாள் உடனே எழுந்துவிடவில்லை. பிடித்திருந்த வரிசையை முடித்தாள், கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள், அப்புறம்தான் வந்தாள். முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள் கமலா. அஜித்தின் கையில் இருந்த போனை வாங்கி அவளிடம் நீட்டி, பாஸ்வேர்டை நீ வை என்றாள். எனக்கு எழுத்துத் தெரியாதே என்றாள் இருசம்மாள். தெரியாதது ரொம்ப நல்லது என்றாள் கமலா. இருசம்மாள் அந்தக் குட்டி எழுத்துகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பிடித்ததை எல்லாம் அழுத்த ஆரம்பித்தாள். களைக்கொத்து மாதிரி இருந்த ஒன்று, ஏணி மாதிரி இருந்த ஒன்று, கவட்டை மாதிரி இருந்த ஒன்று, நடுநடுவே தனக்குத் தெரிந்த எண்கள். பன்னிரண்டு ஆனதும் போதும் என்றாள். அஜித் அதை ஒரு துண்டுத்தாளில் எழுதினான். எட்டு வருஷமாக லைன் பார்க்கிறேன், இப்படி ஒரு பாஸ்வேர்டை நான் பார்த்ததே இல்லை, எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றான். கமலா அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. இரண்டு பேர் போனிலும் அஜித்தே போட்டுக் கொடுத்தான். தாளை இருசம்மாள் நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை ரயிலைப் பிடித்துச் சின்னசேலத்தில் இறங்கி, பஸ் மாறி பிரவீன்குமார் வந்து சேர்ந்தபோது மணி மூன்றே கால். கேட் கேமராவைத் தவிர ஒன்றும் தெரியாமல் நாலு நாளாகத் தவித்துப் போயிருந்தான். உள்ளே நுழைந்ததும் முதலில் ஹால் சுவரைப் பார்த்தான். இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள்தான் இருந்தன. அப்புறம் நாற்காலியைப் பார்த்தான். இருசம்மாள் உட்கார்ந்து மலர்விழியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் பழக்கத்தில் பாதி எழுந்தாள். பாதியிலேயே நின்று ஒரு நிமிஷம் யோசித்தாள். மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.

பிரவீன்குமார் பையைக் கூட இறக்காமல் போனை எடுத்தான். நோ என்ட்ரி போட்டான், ஏற்கவில்லை. அப்பா பேரைப் போட்டான், அம்மா பேரைப் போட்டான், பிறந்த வருஷத்தைச் சேர்த்துப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று, பாஸ்வேர்ட் என்ன என்று அம்மாவைக் கேட்டான்.

“எனக்குத் தெரியாது” என்றாள் கமலா. “யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுன்னு நீதான சொன்ன. நெஜமாவே தெரியாது. வெச்சது அவ. அவளக் கேளு.”

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா விளையாடுகிறாளா என்று பார்த்தான். அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பியே பார்க்கவில்லை. வேறு வழி இல்லாமல் ஹாலுக்கு வந்தான்.

“இருசம்மா, பாஸ்வேர்ட் இன்னா? சொல்லு” என்றான்.

இருசம்மாளின் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. மகள் சம்பளம் கூடியதைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிரவீன்குமார் தோளில் பையோடு நின்றான். தொண்டையைச் செருமினான்.

“கொஞ்சம் பாஸ்வேர்ட் சொல்லுங்க” என்றான்.

அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நேருக்கு நேர் பேசும்போது சின்னய்யா என்றே கூப்பிட்டுப் பழகிய வாய் அது. இருசம்மாள் தலையை மட்டும் திருப்பினாள்.

“இருங்க தம்பி. எம் பொண்ணு பேசிக்கினு இருக்குது. முடிச்சிட்டு சொல்றேன்” என்று சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.